'தொடாதீர்கள்' என்ற பலகைக்கு அப்பால்: வண்டியூரிலிருந்து ஒரு மெய்நிகர் கலைக்கூடம்



இறந்தவரை நினைப்பதற்காக மட்டும் நினைவுப் பேருரைகள் நடப்பதில்லை. எதை நினைவில் வைப்பது, அதை யார் வைத்திருப்பது என்ற கேள்வியையும் ஆண்டுக்கு ஒரு முறை நாம் எடுத்துப் பேசுகிறோம். இந்த ஆண்டு அந்தக் கேள்வி ஒரு திட்டத்தின் வடிவில் வந்திருக்கிறது. வண்டியூரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த கலைஞர்களுக்காக இணையத்தில் ஒரு மெய்நிகர் கலைக்கூடம் அமைக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கைப்பேசியில் திறந்தால் நம் பறையிசைக் கலைஞரும், சுவர் ஓவியரும், ஒப்பாரி பாடும் அம்மாவும் தெரிய வேண்டும் என்கிறார்கள். ஆசை நல்ல ஆசை. ஆனால் அருங்காட்சியகத்துக்கும் சாதிக்கும் நீண்ட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கினால் பழைய அலமாரியையே புதிய கண்ணாடி போட்டுக் கட்டியவர்கள் ஆவோம். ஆகவே முதலில் வரலாற்றைப் பேசுவோம்.

1. ஒரு குளமும் ஒரு பலகையும்

வண்டியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளம். 1645ஆம் ஆண்டு திருமலை நாயக்கர் அமைத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மகால் கட்டுவதற்கான செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளமே குளமானது, தோண்டும்போது கிடைத்த சிலைதான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பது ஊர் வழக்கு. கட்டுவித்த மன்னரின் பெயர் நமக்குத் தெரியும். மண்ணுக்குள்ளிருந்து வந்த பிள்ளையாரின் பெயரும் தெரியும். மண்வெட்டி பிடித்தவர், கூடை சுமந்தவர், படித்துறைக் கல்லைச் செதுக்கியவர் ஆகியோரில் ஒருவர் பெயரும் நம் நாவில் இல்லை. தைப்பூசத்தன்று தெப்பம் சுற்றுவதைக் கரையில் நின்று பார்க்கும் நாம், அந்தப் பெயரில்லாதவர்களின் வேலைப்பாட்டின் மீதுதான் நின்றுகொண்டிருக்கிறோம்.

சித்திரைத் திருவிழாவிலும் இப்படித்தான். ஆற்றில் இறங்கிய கள்ளழகர் வண்டியூருக்கு வருகிறார். துலுக்க நாச்சியார் கதையும் தேனூர் மண்டபமும் மண்டூக முனிவரின் சாப விமோசனமும் எல்லோரும் அறிந்தவை. தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' நூலில் இந்த விழாவைச் சாதிகளின் உறவு வழியாக வாசித்துக் காட்டினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட அந்த நூலுக்குப் பிறகுதான் அழகரின் பாதையை ஒரு சமூக வரைபடமாகப் பார்க்க நாம் பழகினோம். ஆனாலும் அந்தப் பாதையில் கொட்டு அடித்தவர், திரியெடுத்து ஆடியவர், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சியவர், அவர்களுக்கு உடை தைத்துக் கொடுத்த தையற்காரர் ஆகியோருக்கென்று ஒரு கலைக்கூடம் மதுரையில் இல்லை.

இருக்கிற அருங்காட்சியகங்களில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் பலகை 'பொருட்களைத் தொடாதீர்கள்'. மற்றவர்களுக்கு அது பாதுகாப்பு விதி. நமக்கு அந்தச் சொல் வேறொரு வரலாற்றையும் சேர்த்தே சொல்கிறது. நம்மைத் தொடாதவர்கள், நம் தோற்கருவியைத் தொடாதவர்கள், ஒரு காலத்தில் நம்மை அளப்பதற்காக மட்டும் தொட்டார்கள்.

2. அளக்கப்பட்ட உடல், சேகரிக்கப்படாத கலை

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகள் கொண்டது. சமூகவியல் படித்த நம்மில் பலர் அதைத் தொட்டுத்தான் தேர்வு எழுதியிருக்கிறோம்.

தர்ஸ்டன் மக்களின் தலையை அளந்தார், மூக்கின் அகலத்தை அளந்தார், உயரத்தைக் குறித்தார். அந்த எண்களைக் கொண்டு சாதிகளை ஒப்பிட்டார். கருவியோடு வந்தவரைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடியதை அவரே தன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஒரு பறையரின் மூக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது இந்த நாட்டின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு அறிவாகத் தோன்றியது. அவர் கையிலிருந்த பறையை அடிக்கும் முறைக்கு எத்தனை பெயர்கள், அவற்றை யாரிடம் கற்றார், அவருடைய குரு யார் என்று அதே அளவு கவனத்தோடு கேட்கப்படவில்லை. பாடமாகவும் மாதிரியாகவும் வந்த நாம், ஆசானாக ஒருபோதும் வரவில்லை.

தனி மனிதரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அருங்காட்சியகம் என்ற அமைப்பு இரண்டு வகையான மனிதர்களை உண்டாக்கியது. ஒரு வகையினர் ஆக்கியவர்கள். அவர்களுக்குக் காலமும் பெயரும் பாணியும் உண்டு. மற்றவர்கள் வகைமாதிரிகள். அவர்களுக்குச் சாதிப்பெயர் மட்டும் உண்டு. சோழர் செப்புத் திருமேனிக்குக் கீழே நூற்றாண்டைக் குறித்து வைப்பார்கள். நம் தோற்கருவிக்குக் கீழே 'கிராமத்து மேளம்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இன்று நாம் கட்ட நினைக்கும் மெய்நிகர் கலைக்கூடத்திலும் இதே பிழை நேரலாம். ஒளிப்படத்துக்குக் கீழே 'பறையாட்டக் கலைஞர், மதுரை' என்று மட்டும் போட்டால் நாமும் தர்ஸ்டனின் அலமாரியில்தான் ஒரு பொருளை வைக்கிறோம்.

3. கோயில் என்ற கலைக்கூடம்

மதுரையின் மிகப் பெரிய கலைக்கூடம் எது என்று கேட்டால் மீனாட்சி கோயில் என்று யாரும் சொல்வார்கள். சுதைச் சிற்பம், கற்சிற்பம், சுவரோவியம், இசைத் தூண் எல்லாம் அங்கே உண்டு. 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபம் இப்போது கோயில் கலைக்கூடமாகவே இருக்கிறது.

அந்தக் கலைக்கூடத்துக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அ. வைத்தியநாதய்யரின் தலைமையில் பி. கக்கன் உள்ளிட்டோர் உள்ளே சென்றார்கள். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்து பின்னாளில் அமைச்சராக உயர்ந்த அதே கக்கன்தான். அந்த நுழைவை ஏற்காத ஒரு பகுதியினர் கோயிலையே புறக்கணித்தார்கள். ஆலயப் பிரவேசத்தை நாம் வழிபாட்டு உரிமையாகவே பேசி வந்திருக்கிறோம். அது கலையைப் பார்க்கும் உரிமையும்கூட. ஒரு தலித் சிறுவன் தன் ஊரின் மிகச் சிறந்த சிற்பத்தை நேருக்கு நேர் நின்று பார்க்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்க்க முடியாத கண்ணுக்குச் சிற்பக் கலையில் பயிற்சி எப்படி வந்திருக்கும்? 'உங்கள் சமூகத்தில் ஓவியர்கள் குறைவு' என்று இன்று சொல்பவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குத் திறந்திருந்த ஒரே கலைக்கூடம் தெருதான். திறந்திருந்தது என்றாலும் எல்லாத் தெருவும் அல்ல.

விடுதலைக்குப் பிறகு கதவுகள் சட்டப்படி திறந்தன. 1959இல் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் வந்தது. அதே வளாகத்தில் 1981இல் அரசு அருங்காட்சியகம் வந்தது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் கீறப்பட்டிருப்பதைப் பார்த்து நாம் நெகிழ்ந்தோம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் பெயர் ஓட்டில் தங்கியிருக்கிறது. நேற்று நம் தெருவில் இறந்த கொட்டுக்காரரின் பெயர் எதில் தங்கியிருக்கிறது என்று உடனே கேட்கத் தோன்றியது.

4. பறை: விடுவதா, எடுப்பதா

நம் கலைகளைக் காட்சிப்படுத்துவது என்று சொல்லும்போதே நமக்குள் ஒரு பழைய வழக்கு எழுந்து நிற்கிறது. அதை மறைக்கக் கூடாது.

சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் வரலாறுதான். எல். இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பறையடிப்பதற்கும் செத்த மாடு தூக்குவதற்கும் எதிராக மக்களைத் திரட்டினார். பின்னர் அவர் தலைமையில் அமைந்த குழு 1969இல் தீண்டாமை பற்றிய அறிக்கையை அளித்தது. கருவியைத் தரையில் வைத்த அந்தக் கைகள் கலையை வெறுத்தவை அல்ல. கூலி இல்லாமல், மறுக்கும் உரிமை இல்லாமல், சாதிக் கடமையாக அடிக்கச் சொன்னதை அவை வெறுத்தன. பல ஊர்களில் பறை அடிக்க மறுத்ததற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்குக்கு ஆளானார்கள்.

1980களிலும் 1990களிலும் வேறொரு குரல் எழுந்தது. இழிவு பறையில் இல்லை, அதை இழிவாக்கிய சாதியில் இருக்கிறது என்றார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களின் 'பரட்டை அண்ணன்', நாட்டுப்புற இசையைத் தலித் விடுதலையின் மொழியாகக் கற்றுக்கொடுத்தார். அதே வளாகத்தில் இயங்கிய தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில்தான் நம்மில் பலர் பறையை முதன்முதலாக மேடையில் பார்த்தோம். கே.ஏ. குணசேகரன் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 'பலியாடுகள்' நாடகத்தையும் 'வடு' தன்வரலாற்றையும் எழுதினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே அடித்த கருவியை இளம்பெண்கள் அடித்தபோது ஊர் மட்டுமல்ல, நம் தெருவும் திகைத்தது. 2025இல் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விட்டவர்களும் எடுத்தவர்களும் ஒரே நோக்கத்துக்காகத்தான் போராடினார்கள். இருவரும் கேட்டது தன் கலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை. ஆகவே நம் கலைக்கூடத்தில் அடிக்கும் பறைக்கு ஓர் அறை உண்டென்றால், அடிக்க மறுத்தவர்களின் சாட்சியத்துக்கும் ஓர் அறை இருக்க வேண்டும். ஓசையை மட்டும் வைத்துவிட்டு மறுப்பை விட்டுவிட்டால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் கொண்டாட்டமாகிவிடும்.

5. ஒலிநாடாப் பெட்டி

இந்த வேலையைத் தொடங்கியபோது நாங்கள் முதலில் தேடியது 1990களின் ஒலிநாடாக்களை. கலை விழாப் பாடல்கள், தெருமுனை நாடகங்கள், மேலவளவுப் படுகொலைக்குப் பிறகு நடந்த இரங்கல் கூட்டங்களின் பாட்டுகள். 1997 ஜூன் 30க்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பாடப்பட்ட பாட்டுகளில் பல எந்த நூலிலும் இல்லை. ஒரு தோழர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய நாடாக்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்திருந்தது. சிலவற்றில் பின்னர் யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்திருந்தார்கள். ஓடிய நாடாக்களிலும் பாடியவர் யார் என்ற குறிப்பு இல்லை. உறையில் 'விழா, இரண்டாம் நாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை எழுதியது நம் கைதான். பெயரைக் குறிக்காத குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

சுவரோவியங்களின் கதி இன்னும் மோசம். 1990களில் மதுரைச் சேரிகளின் சுவர்களில் நீலக் கோட்டு அம்பேத்கரையும் சிறுத்தையையும் வரைந்தவர்கள் யார்? பெரும்பாலோர் பகலில் கடைப்பலகை எழுதி, இரவில் கட்சிக்கும் இயக்கத்துக்கும் கூலி வாங்காமல் வரைந்தவர்கள். கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்குவதைப் படச்சட்டக் கடையிலும் பேனர் பட்டறையிலும் கற்றவர்கள். 2000க்குப் பின் பிளக்ஸ் வந்தது. ஒரே இரவில் அச்சாகி வரும் பதாகைக்கு முன்னால் தூரிகை நிற்க முடியவில்லை. சிலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். அவர்கள் வரைந்த சுவர்கள் வேறு சாயத்தின் அடியில் இருக்கின்றன. ஒரு தலைமுறையின் அரசியல் ஓவியம் மொத்தமாக அழிந்தது. அதைப் பற்றி ஒரு பட்டியல்கூட நம்மிடம் இல்லை.

2020இல் வேறொன்றையும் பார்த்தோம். கொரோனா முடக்கத்தின்போது மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. அந்த ஆண்டு அழகர் வைகையில் இறங்கவில்லை. தெய்வம் மெய்நிகராக வீட்டுக்கு வந்தது, பக்தருக்குத் தரிசனம் கிடைத்தது. ஆனால் ஆண்டு முழுவதும் சித்திரை, வைகாசி வருமானத்தை நம்பியிருந்த கொட்டுக்காரர், கரகக்காரர், உடை தைப்பவர் யாருக்கும் அந்த ஒளிபரப்பில் இடம் இல்லை. மெய்நிகர் என்பது தானாகவே சமத்துவமாகிவிடாது. யாருக்குத் திரை கிடைக்கிறதோ அவர்களுக்கே அது மெய்யாகிறது.

6. கட்டடத்துக்கு முன்னால் வந்த அருங்காட்சியகம்

வேறு இடங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். மூன்று முன்னுதாரணங்கள் போதும்.

முதலாவது, வாஷிங்டனில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம். அதன் கட்டடம் 2016 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. ஆனால் 2007லேயே அது இணையத்தில் அருங்காட்சியகமாக இயங்கத் தொடங்கிவிட்டது. கையில் கட்டடமும் இல்லை, சேகரிப்பும் இல்லை. மக்களிடம் போய், உங்கள் நினைவை எழுதுங்கள், பரணில் இருப்பதை எடுத்து வாருங்கள் என்றார்கள். பாட்டியின் துணி, தாத்தாவின் தொப்பி, பழைய ஒளிப்படம் என்று வந்தன. ஹாரியட் டப்மனின் சால்வை ஒரு தனிச் சேகரிப்பாளரிடமிருந்து 2010இல் வந்து சேர்ந்தது. அந்த மக்களுக்கு வரலாறு இல்லாமல் இல்லை, அது வீடுகளுக்குள் இருந்தது.

இரண்டாவது, ஈழத்தமிழரின் நூலகம் திட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். நூல், இதழ், துண்டறிக்கை, நினைவுமலர், வாய்மொழி வரலாறு எல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய நூல் சிறிய நூல் என்ற பாகுபாடு இல்லாமல், ஒரு சிற்றூரின் நினைவுமலரையும் ஆவணமாக மதித்தார்கள். நமக்கு வேண்டியது அந்த மதிப்புத்தான்.

மூன்றாவது, மராட்டியத்தின் திரிகைப் பாடல்கள். திரிகையில் மாவரைத்தபடி பெண்கள் பாடிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாடல்களை ஹேமா ராய்ர்கர், கீ புவாத்வென் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து திரட்டினார்கள். பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் வெளியிட்டது. பீட் மாவட்டம் மாஜல்காவின் பீம்நகரில் 1996இல் பதிவான பாடல்களில் தலித் பெண்கள் அம்பேத்கரை வீட்டு மனிதராகப் பாடுகிறார்கள். பாடியவரின் பெயர், ஊர், பிள்ளைகள், தொழில் எல்லாம் பாட்டோடு சேர்த்துத் தரப்பட்டிருக்கின்றன. நாம் நம் நாடா உறையில் செய்யத் தவறியது இதுதான்.

அதே காப்பகத்தில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் பணியாற்றியிருக்கிறார். மதுரை மாவட்டம் ஜவகர்லால்புரத்திலிருந்து வந்த ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார், 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை, அவர்களின் பிள்ளைகளை அவர் எடுத்த படங்கள் நமக்கு ஒரு பாடம். படத்தில் இருப்பவர் பரிதாபப் பொருளாக நிற்பதில்லை. நேராக நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். இன்று அவர் மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். படம் எடுக்கப்படுபவர்களாகவே இருந்த நாம் படம் எடுப்பவர்களாகவும் மாற முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

7. வண்டியூரில் நாங்கள் கேட்டவை

இத்தனை முன்னுதாரணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் மாணவர்கள் நான்கைந்து பேர் கைப்பேசியோடு தெருவுக்குப் போனார்கள். உடன் நாங்களும் போனோம். மூன்று வீடுகளில் கேட்டதைச் சொல்கிறோம். அவர்கள் விருப்பப்படி பெயர்களைச் சொல்லவில்லை.

முதல் வீட்டில் ஒப்பாரி பாடும் ஒரு மூத்த தாயார். இந்த வட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். பாடச் சொன்னோம். "எழவு விழாத வீட்ல ஒப்பாரி பாடச் சொல்றியேப்பா, நல்லாருக்கா இது?" என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். எந்தக் கலைக்கு எந்த இடம், எந்த நேரம் என்ற அறிவும் அந்தக் கலையின் பகுதிதான். பொத்தானை அழுத்தினால் எப்போதும் ஒலிக்கும் ஒப்பாரி, ஒப்பாரியாக இருக்குமா? பிறகு அவர் பாடாமல் பேசினார். யாருக்காக முதன்முதல் பாடினார், அந்தச் சொற்கள் எப்படி வந்தன, எந்தச் சாவில் தொண்டை அடைத்துப் பாட முடியாமல் போனது என்று ஒரு மணி நேரம் சொன்னார். அந்தப் பேச்சுத்தான் எங்கள் கலைக்கூடத்தின் முதல் பொருள்.

இரண்டாவது வீட்டில் பறையடிக்கும் ஒரு பெரியவர். "படம் புடிச்சிட்டுப் போனவங்க எம்புட்டோ பேரு. ஒருத்தரும் திரும்பி வந்து காட்டல. எங்கிட்ட என்னோட படம் ஒண்ணுகூட இல்ல தம்பி" என்றார். ஆய்வாளர்கள், திரைப்படக்காரர்கள், வெளிநாட்டுப் பயணிகள், நம்மைப் போன்ற இயக்கத்தவர் என்று எல்லோரும் அவரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். அவர் முகம் எந்தெந்த நாட்டில் எந்தெந்த வட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாவது வீட்டில் ஓர் இளைஞர். பறையும் அடிப்பார், நன்றாக வரைவார். நகரில் ஒரு கடையில் வேலை. அவர் சொன்னதுதான் எங்களை உறங்கவிடாமல் செய்தது. "படத்தப் போடுங்க, பேரயும் போடுங்க. தெருப் பேர மட்டும் போடாதீங்க தோழர். கடையில எல்லாரும் போன் வச்சிருக்காங்க."

இந்தக் கோரிக்கையின் எடையைச் சற்று யோசிப்போம். நாங்கள் பெயரில்லாமையை ஒழிக்கப் போனோம். அவரோ தன் பெயரோடு சேர்ந்து சாதியும் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறார். மேல்சாதிக் கலைஞருக்கு ஊர்ப்பெயர் பெருமை, தெருப்பெயர் அடையாளம். நம் பையனுக்கு அது வேலை போவதற்கும் வாடகை வீடு கிடைக்காமல் போவதற்கும் காரணமாகலாம். தெருவிலாவது யார் பார்க்கிறார்கள் என்று தெரியும். இணையத்தில் யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. 'பயப்படாதே, பெருமையோடு சொல்' என்று மேடையிலிருந்து சொல்வது நமக்கு எளிது. மறுநாள் காலையில் கடைக்குப் போக வேண்டியவர் அவர்.

நாங்கள் அவரோடு வாதாடவில்லை. அவர் கேட்டபடியே செய்தோம். அவர் வரைந்த அம்பேத்கர் படத்துக்குக் கீழே அவர் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கின்றன. அந்த இடைவெளியைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டியது அவர் அல்ல, இந்த நகரம்.

8. நாம் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம்

இந்த மூன்று வீடுகளும் கற்பித்ததைக் கொண்டு சில விதிகளை அரங்கின் முன் வைக்கிறோம். மாணவர்கள் இவற்றைத் திருத்தலாம், கூட்டலாம்.

முதல் விதி, ஆசிரியர் பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் ஆக்கியவரின் பெயர், அவர் யாரிடம் கற்றார், எப்போது ஆக்கினார் என்பவை இருக்க வேண்டும். சாதியும் தெருவும் அவர் சொன்னால் மட்டும். மறைக்கச் சொன்னால் மறைக்க வேண்டும். நாளைக்கு வெளியிடச் சொன்னால் வெளியிட வேண்டும்.

இரண்டாவது, திரும்பக் கொடுத்தல். எடுத்த படமும் பதிவும் முதலில் கலைஞர் கைக்குப் போக வேண்டும். இணையம் இரண்டாவது. அச்சிட்ட படம் ஒன்று அவர் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்ட பிறகே அது நம் கலைக்கூடத்தில் ஏறும். எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, கூலி. கலைக்கூடத்தைப் பார்த்து நிகழ்ச்சிக்கு அழைப்பவர்கள் கலைஞரிடம் நேராகப் பேச வழி இருக்க வேண்டும். இடையில் நாம் தரகராகக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுப்பதும் இந்த வேலையின் பகுதியே. மாணவர் ஒருவர் கேட்டார், "அருங்காட்சியகத்துக்கும் வாரிய அட்டைக்கும் என்ன சம்பந்தம்?" கலைஞர் பட்டினி கிடக்கும்போது கலையை மட்டும் பாதுகாப்பது தர்ஸ்டன் வேலை என்பதே எங்கள் பதில்.

நான்காவது, பாதுகாப்பு. இணையத்தில் ஏற்றினால் என்றும் இருக்கும் என்பது மூடநம்பிக்கை. மைஸ்பேஸ் என்ற பெரிய இணையதளம் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய இசைப்பதிவுகளை இழந்துவிட்டதாக 2019இல் அறிவித்தது. கோடிக்கணக்கான பாடல்கள் போயின. பெரிய நிறுவனத்தின் இலவச இடத்தை மட்டும் நம்பக் கூடாது. குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று மன்றத்தில், ஒன்று ஒரு நூலகத்தில், ஒன்று வேறு ஊரில். கடவுச்சொல் ஒருவர் தலையில் மட்டும் இருக்கக் கூடாது. அவர் இறந்தால் அருங்காட்சியகமும் இறந்துவிடும்.

ஐந்தாவது, திரைக்கு வெளியே ஒரு நாள். கைப்பேசியில் பார்க்காத தாய்மார்களுக்காக ஆண்டுக்கு ஒரு முறை இதே தெருவில் திரை கட்டிக் காட்ட வேண்டும். யாருடைய படமோ அவரையே முன்வரிசையில் அமர்த்த வேண்டும்.

கூகுள் நிறுவனம் 2011 பிப்ரவரியில் 17 அருங்காட்சியகங்களோடு தன் கலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, உலகத்துக் கலை எல்லோருக்கும் திறந்துவிட்டது என்றார்கள். நல்ல செய்திதான். வண்டியூர்ப் பிள்ளை வான்காவின் தூரிகைத் தடத்தை உருப்பெருக்கிப் பார்க்கலாம். பார்க்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளை தன் தாத்தா வரைந்த சுவரைப் பார்க்க முடியாது என்றால் அந்தத் திறப்பு பாதித் திறப்புத்தான். மறுபாதியைத் திறக்கும் சாவி நம்மிடம்தான் இருக்கிறது.

'மெய்' என்ற சொல்லுக்கு உண்மை என்றும் உடல் என்றும் இரண்டு பொருள். நம் உடலை அளந்தார்கள், விலக்கினார்கள். நம் உண்மையைக் கேட்கவில்லை. மெய்நிகர் கலைக்கூடம் என்று நாம் பெயர் வைக்கும்போது இரண்டு மெய்க்கும் பொறுப்பேற்கிறோம். பதிவு செய்யும் உடல் அவமானப்படக் கூடாது. பதிவில் இருக்கும் உண்மை குறையக் கூடாது.

இதுவரை பதினொரு கலைஞர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஒப்பாரித் தாயாரின் பேச்சு ஏறிவிட்டது. பறையடிக்கும் பெரியவர் வீட்டில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அவர் பேத்தி அதைக் காட்டி வருவோரிடமெல்லாம் சொல்கிறாளாம். சுவரோவியர்களைத் தேடும் வேலை பாக்கியிருக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் யாருடைய அப்பாவோ சித்தப்பாவோ அந்த நாளில் தூரிகை பிடித்திருந்தால், கூட்டம் முடிந்ததும் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். மாணவர்கள் வாசலில் நோட்டோடு நிற்கிறார்கள். பேனாவும் இருக்கிறது.

ஜெய்பீம்.